கடலில் ஆள் இருக்கும்போது

1. விசில்

முதல் நாளே அந்த அம்மாள் என்னை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். நான் செய்த குற்றம், விசில் அடித்தது.

என் தொழில் லொக்கேஷன் மேனேஜர். சினிமாக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பவன். பஞ்சாயத்து அனுமதி, போலீஸ் அனுமதி, கேரவன் நிறுத்த நிழல், யூனிட்டுக்குச் சாப்பாடு, குடிதண்ணீர், கக்கூஸ் எல்லாம் என் தலையில்தான் விடியும். படம் ஓடினால் டைரக்டருக்குப் பெயர். கக்கூஸில் தண்ணீர் வராவிட்டால் செல்வராஜுக்குப் பெயர். மார்த்தாண்டம் எனக்கு ஊர். சவுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் தொழிலாளர் கேம்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன், தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு ஷூட்டிங்குக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். அதுவே பிழைப்பாகிவிட்டது. கேம்பிலிருந்து கொண்டு வந்த சொத்து அந்த விசில். இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று அடித்தால் ஜெனரேட்டர் வண்டிக்காரன் வரை திரும்பிப் பார்ப்பான்.

குழித்துறையில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் படப்பிடிப்பு தொடங்கியது. மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே கிழவியாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரியின் கதை. அந்த வேடத்துக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு நடிகையை வரவழைத்திருந்தார்கள். பெயர் ரூத். எழுபது தாண்டியவர், ஒல்லியான உருவம், கையில் ஊன்றுகோல். நியூயார்க் மேடைகளில் பெரிய ஆள் என்று சொன்னார்கள். எனக்கு அமெரிக்காவில் மேடை நாடகம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

லைட்மேனைக் கூப்பிட வழக்கம்போல ஒரு விசில் அடித்தேன். ஹாலில் புடவை கட்டிப் பழகிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"யார் அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கையைத் தூக்கினேன்.

"தயவுசெய்து வெளியே போங்கள். மூன்று சுற்று சுற்றுங்கள். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள்."

வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பேரப்பிள்ளை எடுத்த மனுஷன், யூனிட் மொத்தமும் பார்க்க, முற்றத்தில் தலைசுற்றச் சுற்றிவிட்டு என் சொந்த லொக்கேஷன் கதவைத் தட்டினேன். காது வரை சூடாகிவிட்டது. "வாருங்கள்" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. அன்று முழுக்க லைட்மேன் பயல்கள் என்னைப் பார்த்தபோதெல்லாம் ஒரு சுற்று சுற்றினார்கள்.

டீ நேரத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர் நாடகக் கொட்டகைகளில் திரையை ஏற்றி இறக்க மேலே கயிறு இழுத்தவர்கள் கப்பலில் வேலை பார்த்தவர்களாம். ஒருவருக்கொருவர் விசிலால்தான் சைகை. கீழே நிற்கும் ஒருவன் விளையாட்டாக விசில் அடித்தால், மேலேயிருந்து மணல் மூட்டையோ திரையோ யார் தலையிலாவது இறங்கும்.

"இப்போதும் அப்படி விழுமா?" என்று கேட்டேன்.

"இப்போது எல்லாம் மோட்டார். மூட்டை விழுந்து நான் பார்த்ததே இல்லை" என்றார். "ஆனால் அடுத்தவர் தலைமேல் நான் அதைச் சோதித்துப் பார்க்கமாட்டேன்."

அவரைப் பற்றி என் மனசில் இருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையோடு தணிந்தது.

2. உடுத்திக்கொண்டு உட்கார்ந்தவர்

கடற்கரைக் காட்சிகளுக்கு முட்டம் பக்கத்தில் ஒரு ஊரைப் பிடித்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தங்கலும் வீட்டுக் காட்சிகளும் குழித்துறையில், கடல் அங்கே. தினமும் காரில் அவரோடு போவது என் வேலையாயிற்று. என்னுடைய சவுதி ஆங்கிலம் மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. டைரக்டரின் சென்னை ஆங்கிலம் ரொம்ப வேகம் என்றார்.

மார்த்தாண்டம் டிராபிக்கில் ஒரு மனிதரின் முழு ஜாதகத்தையும் கேட்டுவிடலாம். மேம்பாலம் கட்டியும் அந்த ஊர் அப்படித்தான். அங்கே நின்று நின்றுதான் அவர் கதையை நான் கேட்டேன்.

கடல்போலத் தெரியும் பெரிய ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அம்மா லாண்டரியில் துணி தேய்ப்பவர். பள்ளிக்கூட நாடகம் ஒன்றில் யாருக்கோ காய்ச்சல் என்று இவரை ஏற்றிவிட, அதோடு புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தார். ஒற்றைப் பெட்டியோடு நியூயார்க் போனார். முதலில் ஒரு நாடகக் கொட்டகையில் பார்க்க வருகிறவர்களின் கோட்டு வாங்கி மாட்டும் வேலை. பிறகு அதே கொட்டகையில் அண்டர்ஸ்டடி.

அண்டர்ஸ்டடி என்றால் பதில் ஆள். பெரிய நடிகைக்கு உடம்புக்கு ஆகவில்லையென்றால் அந்த வேடத்தில் ஏற வேண்டியவர். ஏறாவிட்டாலும் தினமும் வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். வேஷம் கட்டி, மேடை ஓரத்தில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தாராம். அந்தப் பெரிய நடிகைக்கோ இரும்புத் தொண்டை. ஒரு தும்மல்கூட வரவில்லை.

எனக்குள் இருக்கும் கோணல் புத்தி கேட்டுவிட்டது. "அவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டியிருக்கிறீர்களா, மேடம்?"

"முதல் மாதம் வேண்டினேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் எதையும் வேண்டாமல் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அதுதான் கஷ்டம்."

ஒரு பனிக்காலத்தில் ரயில் நடுவழியில் நின்றுபோய், அந்த நடிகை வந்து சேரவில்லை. இவர் மேடையேறினார். மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அந்த இரண்டு வரி அவரை வாழ்நாள் முழுக்க மேடையில் நிறுத்திவிட்டது. சினிமா அதற்கு ரொம்பப் பிந்தித்தான் வந்ததாம், அதுவும் அத்தை, கன்னியாஸ்திரி, நீதிபதி என்று. தலை முழுக்க நரைத்த பிறகு கூப்பிடவும் ஆளில்லை. கூப்பிடாத காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக் கொடுத்தார். இந்தப் படத்தை ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஸ்கிரிப்டில் நாலு பக்கம் நான் பேசவே இல்லை. அது என்ன காட்சி என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

அந்த அம்மாளை நான் கவனித்த வரையில் சொல்கிறேன். தன் ஷாட் முடிந்தாலும் எதிரே நடிப்பவருக்காக வெயிலில் நின்று வசனம் சொல்லிக் கொடுப்பார். புரொடக்‌ஷன் பையன் வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பார். கேரவனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றால், "வரிசையில்தான் ஊர்க்கதை கிடைக்கும்" என்பார். தமிழ் வசனத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு வாயில் போட்டு மென்றார். மழை என்பதை, சென்னையிலிருந்து வந்த எங்கள் கதாநாயகியைவிடச் சுத்தமாகச் சொன்னார். கதாநாயகிக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது.

3. ஞாயிறு வெள்ளியானது

அந்த நாலு பக்கம் இதுதான். நர்ஸ் வளர்த்த பையன் கடலுக்குப் போகிறான். அவன் இல்லாமல் வள்ளம் மட்டும் கரைக்கு வருகிறது. ஊர்ப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அவர்கள் நடுவே நர்ஸ் பேசாமல் நிற்கிறாள்.

ஒப்பாரிக்கு நான் அந்த ஊர்ப் பெண்களிடமே பேசியிருந்தேன். அவர்களுக்கு ஸ்டெல்லா அக்காதான் தலைவி. குளச்சல் வரை மீன் கொண்டு விற்பவர். புருஷன் இல்லை, இரண்டு பையன்களும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். கேட்டதும் யோசித்துவிட்டு, "ஞாயிறுன்னா வச்சுக்கிடுங்க சாரே, ரெண்டாம் பூசை கழிஞ்சு வாறோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலுக்குப் போகும் நாள். நானும் ஞாயிறு என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழன் மாலை அசோசியேட் டைரக்டர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஞாயிறு மழை காட்டுகிறதாம். திங்கள் காலை ரூத் மேடத்துக்கு விமானம். அதனால் அந்த சீனை நாளைக்கே, வெள்ளியன்றே எடுத்துவிடலாம் என்று சார்ட்டை மாற்றிவிட்டார். சென்னைக்காரருக்கு வெள்ளியும் ஒரு நாள், ஞாயிறும் ஒரு நாள். நான் வேண்டாம் என்றேன். "ஏன் சார், அன்னிக்கு அவங்களுக்கு வேற வேலை இருக்கா?" என்று கேட்டார். நான் விளக்குமுன் அவர் போனில் அடுத்த ஆளைப் பிடித்துவிட்டார்; நானும் பெண்களுக்கு நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளி காலை மணலில் கேமரா ஓட டிராலி பாதை போட்டாகிவிட்டது. வள்ளங்கள் விடியுமுன்பே போய்விட்டன. பெண்கள் வந்தார்கள். வந்து, டிராலி பாதையின் குறுக்கே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன ஸ்டெல்லாக்கா இது?"

"சாரே, நீங்க ஞாயிறுன்னுதானே சொன்னிய? ஞாயிறுன்னா ஆம்பிளைய எல்லாம் கரையில, கண்ணு முன்ன நிப்பினும். அழுதா அது வெறும் அழுகதான். இன்னைக்கு எனக்க ரெண்டு பயக்களும் கடல்ல கெடக்கியானுவ. கடல்ல ஆளு இருக்கும்போ கரையில மாரடிக்கப்பிடாது."

டைரக்டர் வந்தார். நல்ல பிள்ளைதான், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. "அக்கா, இது சும்மா சினிமாக்கா. கண்ணுல கிளிசரின் போட்டுத்தான் அழப்போறீங்க" என்றார்.

"அது கிளிசரினா கண்ணீரான்னு கடலுக்குத் தெரியுமா, மக்கா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அசோசியேட் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாகர்கோவில்ல ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜெண்ட் இருக்காரு சார். வண்டி அனுப்பிடலாம். இவங்க வேணாம், பெர்மிஷன் நம்ம கையில இருக்கு."

ஸ்டெல்லா அக்காவுக்குப் பாம்புச் செவி. "யாரு வந்து அழுதாலும் இந்தக் கரையில அழப்பிடாது. மேல ஏறிப் போய்த்தான் அழணும், கேட்டியளா?"

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் யூனிட். அந்த நாள் போனால் காட்சி போயிற்று. சென்னையில் செட் போட்டு, நீலத் துணியைக் கடலாக்கி எடுப்பார்கள். அந்த அம்மாள் இத்தனை தூரம் வந்ததே அந்த நாலு பக்கத்துக்காக. அந்தப் பக்கம் நான் கொடுத்த வாக்கு. நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை எந்தக் கரையிலும் நான் இனி வாயைத் திறக்க முடியாமல் போகும். நான் வீடு சேருமுன் பேச்சு அங்கே சேர்ந்துவிடும். அதைவிட, ஸ்டெல்லா அக்கா பேசிக்கொண்டே கண்ணை மட்டும் கடலிலிருந்து எடுக்காமல் இருந்தார். அதைப் பார்த்த பிறகு அவரிடம் இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேரவனுக்குப் போய் ரூத் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படகுகள் இப்போது கடலில் இருக்கின்றனவா?"

"ஆமாம், மேடம்."

"அப்புறம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

4. முதலில் எழும்புகிறவள்

டைரக்டரிடம் அவர் சத்தம் போடவில்லை. "ஒரு விசிலுக்காக நான் செல்வராஜை வீட்டுக்கு வெளியே அனுப்பினேன். இப்போது இந்த ஊரையே வெளியே அனுப்பச் சொல்கிறீர்களா?" என்றார்.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "அப்ப சீன்?"

ரூத் மேடம் ஊன்றுகோலை ஊன்றி நடந்தார். ஸ்டெல்லா அக்காவுக்குப் பக்கத்தில் போய், மூட்டு வலியோடு பாடுபட்டு மணலில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வியை மொழிபெயர்க்கச் சொன்னார். வள்ளம் வரப் பிந்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஸ்டெல்லா அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார், என்னிடம் இல்லை, நேராக அவரிடமே.

"ஒண்ணும் செய்யமாட்டோம். இப்பிடி வந்து இருப்போம். செபமால உருட்டுவோம். யாரு வரல்லியோ அவன் பேரச் சொல்லமாட்டோம். வேற எல்லாம் பேசுவோம், அரிசி, கறி, பிள்ளைக்க பள்ளிக்கூடம், எல்லாம். கடலுக்கு முதுகு காட்டமாட்டோம். எல்லா வள்ளமும் வாறது வர ஒருத்தியும் எழும்பமாட்டா. முதல்ல எழும்புகவ அவன விட்டுட்டான்னு அர்த்தம்."

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் ரூத் மேடம் டைரக்டரை நிமிர்ந்து பார்த்தார். "பையன் போய்விட்டான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். அழுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் காத்திருக்கிறோம். நான் முறையாகப் பயிற்சி எடுத்தது அது ஒன்றில்தான்."

 டைரக்டர் அங்கேயே மணலில் குத்தவைத்து, முழங்கால்மேல் ஸ்கிரிப்டை வைத்து அடித்து எழுதினார். கெட்டிக்காரன். வள்ளம் ஆளில்லாமல் வருவதை வெட்டி, அது வரவே இல்லை என்று ஆக்கிவிட்டார். ஒப்பாரியும் போயிற்று.

பெண்கள் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். டிராலி வேண்டாம், கேமரா ஒரே இடத்தில். டைரக்டர் "ஆக்‌ஷன்" என்பதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார். பெண்கள் ஏதோ அரிசி விலை பேசினார்கள். ரூத் மேடம் கையில் ஸ்டெல்லா அக்கா கொடுத்த செபமாலை. அவர் ஒன்றுமே செய்யவில்லை. செய்யாமல் இருப்பதுபோலவும் இல்லை. ஒரு தடவை முந்தானையைச் சரிசெய்தார். ஒரு தடவை, ஒரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார். அது ஸ்கிரிப்டில் இல்லை.  நான் எத்தனையோ படப்பிடிப்புப் பார்த்தவன். பெரும்பாலும் ஷாட் போகும்போது சாப்பாட்டு வண்டி வந்ததா என்றுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று பார்க்கவில்லை.

"கட்" என்றார் டைரக்டர். யூனிட் கை தட்டியது. பேக்கப் சொல்லியாயிற்று.

குடையும் நாற்காலியுமாக ஓடினேன். "மேடம், கேரவனுக்குப் போகலாம்."

"படகுகள் வந்துவிட்டனவா?"

"இன்னும் இல்லை."

"முதலில் எழுகிறவள் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் சொன்னாரே. நீங்கள்தானே மொழிபெயர்த்தீர்கள்?"

கேமரா மூடியாகிவிட்டது. படம் எடுக்க ஆளில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அவர் வெயிலில் இருக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் எழவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேரவன் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தான். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. லைட்மேன்கள் ஒவ்வொருவராக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் டைரக்டரும்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்த வள்ளத்தின் பெண்களும் எழவில்லை. ஸ்டெல்லா அக்காவின் பையன்கள் போன வள்ளம் மட்டும் வரவில்லை. போன் போட்டால் டவர் எட்டவில்லை. அரிசி விலைப் பேச்சு மெல்ல நின்றது. செபமாலை மணி உருளும் சத்தம் மட்டும். ரூத் மேடத்தின் இடது கை ஸ்டெல்லா அக்காவின் முழங்கால்மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு ஒரு பொட்டு தெரிந்தது. பிறகு இரண்டு பொட்டு. புரொப்பல்லரில் வலை சுற்றி என்ஜின் நின்றுபோய், பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கட்டி இழுத்து வந்தது. ஸ்டெல்லா அக்கா அப்போதுதான் எழுந்தார்.

"ஏலே, வலையப் பாத்துப் போடப்பிடாதா? சோறு ஆறிக் கெடக்கு. ஏறி வாங்கலே, சவங்களே" என்று திட்டினார். திட்டி முடித்து, முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

ரூத் மேடத்தால் எழ முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. ஸ்டெல்லா அக்காவும் இன்னொரு பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆளு கொள்ளாம், சாரே."

நல்ல ஆள்தான் என்கிறார் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். பத்திரிகையில் வந்த அந்த இரண்டு வரிக்கு அப்புறம் இதுதான் நல்ல விமரிசனம் என்றார் ரூத் மேடம். பையன்கள் கொடுத்த பாரை மீனைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு குழித்துறை வரை வந்தார். அந்தக் காரைக் கழுவியது நான்.

5. ரெண்டாம் பூசை கழிஞ்சு

படம் வந்தது. நன்றாகத்தான் பேசினார்கள். அந்தக் காட்சியில் தியேட்டரில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். அழுவதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ரூத் மேடம் சொன்னது சரியாகப் போயிற்று.

தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஊரில் இடம் கேட்கப் போனால், இங்கே என்ன செய்யலாம் என்று கேட்காதீர்கள். அனுமதிக் காகிதம் அதைச் சொல்லிவிடும். இங்கே எதைச் செய்யக் கூடாது, எப்போது செய்யக் கூடாது என்று கேளுங்கள். அதைச் சொல்ல ஊரில் யாராவது ஒரு ஆள் இருப்பார். அவரோடு கொஞ்ச நேரம் தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நானும் விசிலை விட்டுவிட்டேன். வாக்கிடாக்கி வாங்கிக் கொண்டேன்.

ரூத் மேடம் ஊருக்குப் போய் மறுபடியும் மேடையேறினார். நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தே நடிக்கும் ஒரு வேடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்தி அனுப்புவார். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி இருக்கும்: படகுகள் வந்துவிட்டனவா? எல்லாம் வந்துவிட்டன என்று பதில் போடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை அவருடைய போனிலிருந்து வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணன் மகள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். சொன்னேன்.  "சரி சாரே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். 

ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா.

"சாரே, ரெண்டாம் பூசை கழிஞ்சாச்சு. ஆம்பிளைய எல்லாம் கரையிலதான் நிக்கினும். வாருங்க, இனி அழலாம்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அதே இடத்தில், கடலைப் பார்த்து, அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளங்களை எல்லாம் மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள், ஸ்டெல்லா அக்காவின் இரண்டு பையன்களும். ஸ்டெல்லா அக்கா நெஞ்சில் கையை வைத்துத் தொடங்கினார். ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவளே, முட்டு நோவ மறந்து எங்ககூட இருந்தவளே, ஒத்த வள்ளம் வாறது வர எழும்பாம இருந்தவளே என்று. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு டைரக்டர் கேட்ட ஒப்பாரி இதுதான். அன்று ஒருத்திகூடத் தராததை ரூத் மேடத்துக்கு எல்லாரும் தந்தார்கள்.

முடிந்த பிறகு ஸ்டெல்லா அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிளிசரின் ஒண்ணும் வேண்டி வரல்ல, பாத்தியளா சாரே" என்றார்.

எனக்கும் வேண்டியிருக்கவில்லை.